வழக்குக்கு முன்: பணமா, தடையாணையா?

வழக்குப் போட என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "பணம் வந்தால் உங்கள் இழப்பு தீருமா?" என்றுதான். தீரும் என்றால் நஷ்ட ஈடு கேளுங்கள். ஒப்பந்த மீறலில், பேசியபடி நடந்திருந்தால் எங்கே இருந்திருப்பீர்களோ அதை வைத்துக் கணக்கு. விபத்து போன்ற தீங்குகளில், அது நடக்காதிருந்தால் இருந்திருக்கும் நிலையை வைத்து. இந்த இரண்டையும் குழப்பினால் தொகையே மாறிவிடும். ஒப்பந்தமென்றால் 1854-ஆம் ஆண்டின் ஹாட்லி எதிர் பாக்ஸென்டேல் என்ற இங்கிலாந்துத் தீர்ப்பு முக்கியம்: மீறலால் இயல்பாக வரும் இழப்பும், இரு தரப்பும் முன்பே அறிந்திருந்த இழப்பும்தான் கிடைக்கும். உங்களுக்கென்று விசேஷச் சூழ்நிலை இருந்தால் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

சரி, பணத்தால் தீராத இழப்பு, அதாவது நிலம், அரிய பொருள், ஓயாத தொல்லை என்றால்? ஒப்பந்தத்தை நிறைவேற்றும் உத்தரவோ தடையாணையோ கேளுங்கள். பொதுச்சட்ட மரபில், அதாவது இங்கிலாந்திலிருந்து வந்த சட்ட முறையில், இவை நீதிபதியின் விருப்புரிமை: கேட்டதாலேயே கிடைத்துவிடாது, சூழ்நிலையைப் பார்த்து அவர் முடிவு செய்வார். தாமதித்தால் மறுக்கப்படலாம், உடனே நோட்டீஸ் அனுப்புங்கள்.