வார்டில் ஓட்டுக் கேட்பது எப்படி: கவுன்சிலர் தேர்தலில் நிற்பவர்களுக்கு

நகராட்சி, பேரூராட்சி வார்டுத் தேர்தல் பத்து இருபது ஓட்டில் முடிவாகிற தேர்தல். 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் ஒற்றை ஓட்டில் ஜெயித்தவர்கள் உண்டு. சம ஓட்டு வாங்கிக் குலுக்கலில் ஜெயித்தவர்களும் உண்டு. சட்டமன்றத் தேர்தலைப் பார்த்துவிட்டு மாலை, பட்டாசு, மைக் செட் என்று இறங்குகிறவர்கள் தோற்பது இங்கேதான். இந்தத் தேர்தலுக்கு வேண்டிய முக்கியமான பொருள் ஒன்றே ஒன்று: பென்சிலால் குறிப்பு எழுதப்பட்ட வாக்காளர் பட்டியல்.

முதலில் கணக்கைப் போடுங்கள். வார்டில் 2,000 ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். 65 சதவீதம் பதிவானால் 1,300. நான்கு பேர் ஓரளவு வலுவாக நின்றால் 450 ஓட்டில் ஜெயிக்கலாம். அந்த 450 பேர் யார் யார் என்று பெயர் சொல்லத் தெரியாதவர் அதிர்ஷ்டத்தை நம்பி நிற்கிறார். சென்னை மாநகராட்சிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஒரு வார்டுக்குச் சராசரியாக 30,000 வாக்காளர்கள். 2022இல் ஓட்டுப் போட வந்தவர்கள் 44 சதவீதத்துக்கும் குறைவு. வேட்பாளரே எல்லா வீட்டுக்கும் நடந்துவிட முடியாது. இங்கே சொல்வது பெரும்பாலும் சிறிய ஊர்களுக்கு, அதிலும் சுயேச்சைகளுக்கு.

மனுவில் கோட்டை விடாதீர்கள்

வயது 21 முடிந்திருக்க வேண்டும். அந்த நகராட்சியின் ஏதாவது ஒரு வார்டில் உங்களுக்கு ஓட்டு இருந்தால் போதும், எந்த வார்டிலும் நிற்கலாம். முன்மொழிபவருக்கோ நீங்கள் நிற்கும் வார்டிலேயே ஓட்டு இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். வார்டு மறுவரையறைக்குப் பிறகு ஒரே தெருவின் இடது பக்கம் ஒரு வார்டிலும் வலது பக்கம் இன்னொரு வார்டிலும் கிடக்கிறது. ‘நம்ம தெரு ஆள்தானே’ என்று கையெழுத்து வாங்கினால் பரிசீலனை நாளில் மனு தள்ளுபடி. முன்மொழிபவரின் பாகம் எண், வரிசை எண்ணை வார்டுப் பட்டியலிலிருந்து பார்த்து எழுதுங்கள். சட்டமன்றப் பட்டியலில் உள்ள எண் வேறாக இருக்கும்.

சொத்து விவரம், வழக்கு விவரம் கேட்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், கோடும் போடாதீர்கள். இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள். வீட்டு வரி, குடிநீர்க் கட்டண பாக்கி இருந்தால் முன்கூட்டியே கட்டி ரசீதை மனுவோடு கொண்டுபோங்கள். நகராட்சியில் நடப்பு ஒப்பந்தம் எடுத்திருப்பவர் நிற்க முடியாது. தனி வார்டு என்றால் சாதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். டெபாசிட் 2022இல் பேரூராட்சிக்கு 1,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, மாநகராட்சிக்கு 4,000. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு இதில் பாதி. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் இந்தப் பணம் திரும்பாது. கடைசி நாள் வரை காத்திருக்காமல் இரண்டு நாள் முன்பே தாக்கல் செய்தால், பிழை கண்ணில் பட்டதும் இன்னொரு மனு போட நேரம் இருக்கும்.

பட்டியலோடு தெருவில்

வார்டுப் பட்டியலை வாங்கியதும் மூன்று நகல் எடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று பூத் ஏஜென்டுக்கு, ஒன்று தேர்தல் நாளன்று வெளியே மேசை போட்டு உட்காருகிறவருக்கு. வேட்புமனுவுக்கு முன்பே ஒரு சுற்று வீடுவீடாகப் போய் வாருங்கள். இந்தச் சுற்றில் ஓட்டுக் கேட்பதைவிடப் பட்டியலைச் சரிபார்ப்பதுதான் வேலை: இறந்தவர், வீடு மாறியவர், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர், திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்ப்பவர். வெளியூர்க்காரர்களின் போன் நம்பரை வீட்டில் வாங்கி, பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பத்து நாள் முன்னால் கூப்பிட்டுச் சொன்னால் ஊருக்கு வர டிக்கெட் போடுவார்கள். முந்தின நாள் இரவு கூப்பிட்டுப் பயனில்லை.

ஏன் இவ்வளவு முன்பே நடக்க வேண்டும்? 2022இல் மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நேரம் பிப்ரவரி 7 மாலை 3 மணி; அதற்குப் பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம். பிரச்சாரம் 17ஆம் தேதி மாலை 6 மணிக்கு ஓய்ந்தது. சின்னத்தோடு கிடைத்தது பத்து நாள். 2,000 ஓட்டு என்றால் சுமார் 600 வீடு. ஒரு வீட்டுக்கு மூன்று நிமிடம் என்று வைத்து, காலை 7 முதல் 9.30 வரை நாற்பது ஐம்பது வீடு, மாலை 5 முதல் 8.30 வரை அறுபது எழுபது வீடு பார்க்கலாம். ஒரு முழுச் சுற்றுக்கே ஆறு நாள் போகும். மீதி நாலு நாள் பூட்டிக் கிடந்த வீடுகளுக்கும் மனம் ஊசலாடுகிற வீடுகளுக்கும். உச்சி வெயிலில் நடக்காதீர்கள். ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், பெண்கள் அப்போதுதான் கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பார்கள்.

கூட்டமாகவும் போகக் கூடாது. இருபது பேர் வாசலில் நின்றால் அந்த வீட்டுக்காரர் எல்லாருக்கும் தலையாட்டுவார், மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டார். நீங்கள், பட்டியல் பிடிக்க ஒருவர், அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் ஒருவர், ஆக மூன்று பேர் போதும். தெருக்காரர்தான் முதலில் கூப்பிட வேண்டும்: “அக்கா, இருக்கீங்களா? நம்ம வார்டுல நிக்கிறாங்க, பார்க்க வந்திருக்காங்க.” அதன்பின் நீங்கள் பேசுவது நான்கு வாக்கியத்துக்கு மேல் போக வேண்டாம். பெயர், எந்தத் தெருவில் வீடு, சின்னம், அந்தத் தெருவின் ஒரு குறை. “மூணாவது தெரு பைப்புல ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி, அதுவும் கலங்கலா வருதுன்னு முதல் சுத்துலயே சொன்னீங்க, எழுதி வச்சிருக்கேன்” என்று சொல்ல முடிந்தால், மைக்கில் அரைமணி நேரம் பேசுவதைவிட அது வேலை செய்யும்.

வெளியே வந்து அடுத்த வாசலுக்குப் போவதற்குள் குறி போட வேண்டும். உறுதி என்றால் டிக், வராது என்றால் பெருக்கல், தெரியவில்லை என்றால் சுழி. புதிதாக நிற்பவர்கள் எல்லா வீட்டுக்கும் டிக் போட்டுவிடுகிறார்கள். ‘உங்களுக்கு இல்லாமலா’ என்று சிரித்தபடி சொன்னால் அது சுழி. இத்தனை பேர் வீட்டில், இந்தப் பிள்ளை வெளியூரில், அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து வருகிறோம் என்று விவரமாகச் சொன்னால்தான் டிக். டிக் 450ஐத் தாண்டவில்லை என்றால் பெருக்கல் வீடுகளில் மல்லுக்கட்டாமல், நேரத்தைச் சுழிகளில் செலவிடுங்கள்.

வாக்குறுதி விஷயத்தில் கவனம். தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, குடிநீர்க் குழாய், சிறு சாலை ஆகியவை மன்றத்தின் வேலை. பட்டா, ரேஷன் கார்டு, உதவித்தொகை ஆகியவற்றுக்குக் கவுன்சிலர் விண்ணப்பத்தோடு அலையலாமே தவிர வாங்கித் தரும் அதிகாரம் கிடையாது. மூன்று வேலைகளை இடத்தோடு எழுதிக் கொடுங்கள்: எந்தத் தெரு, எந்தக் கம்பம், எந்தச் சாக்கடையின் எந்த மூலை. ‘வார்டை முன்மாதிரியாக்குவேன்’ என்று அச்சடித்த நோட்டீஸில் பஜ்ஜி மடிப்பார்கள்.

நோட்டீஸும் சின்னமும்

சின்னப் பட்டியலில் எளிய கோட்டு வடிவம் கொண்ட, பாட்டி பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லக்கூடிய பொருளைக் கேளுங்கள். இரண்டு மூன்று விருப்பம் வைத்திருங்கள். ஒரே சின்னத்தைப் பலர் கேட்டால் குலுக்கல்தான். நோட்டீஸில் கலர் போட்டோவாகச் சின்னத்தைப் போடுவது பெரிய தவறு. வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஒட்டும் சீட்டில் அது கறுப்புக் கோட்டு ஓவியமாகத்தான் இருக்கும். அதே ஓவியத்தையே அச்சடியுங்கள், பக்கத்தில் உங்கள் வரிசை எண்ணையும் பெரிதாகப் போடுங்கள். உங்கள் பெயரிலேயே இன்னொருவரை நிறுத்திவிடுகிற தந்திரம் பழையது. அப்படி நடந்தால் காப்பாற்றுவது இந்த எண்ணும் படமும்தான். அச்சகத்தின் பெயர், வெளியிடுபவர் பெயர் இல்லாமல் எதையும் அடிக்காதீர்கள். சுவரில் எழுதுவது, அனுமதியில்லாமல் ஒட்டுவது இரண்டும் வழக்கில் கொண்டுபோய் விடும். வீட்டுக்காரரின் கோபம் தனி.

பெண்களுக்குப் பாதி இடம் வந்த பிறகும், வேட்பாளரைவிட அவர் கணவரின் படம் பெரிதாக இருக்கும் நோட்டீஸ்களைப் பார்க்கிறோம். வாசலில் கணவர் பேச, மனைவி கும்பிட்டபடி நிற்பார். “யாருப்பா நிக்கிறது?” என்று கேட்டே பெண்கள் ஓட்டை மாற்றிப் போடுகிறார்கள். பேச வேண்டியவர் வேட்பாளர்.

பணக் கணக்கு

2022இல் செலவு உச்சவரம்பு பேரூராட்சிக்கு 17,000 ரூபாய், முதல், இரண்டாம் நிலை நகராட்சிக்கு 34,000, தேர்வு நிலை, சிறப்பு நிலை நகராட்சிகளுக்கும் சென்னை தவிர்த்த மாநகராட்சிகளுக்கும் 85,000, சென்னைக்கு 90,000. ஒவ்வொரு தேர்தலின் அறிவிப்பிலும் தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோ, மைக், டிரைவர் எல்லாம் சேர்த்து நாளுக்கு 2,500 என்றாலும் ஐந்து நாளில் 12,500 ஓடிவிடும். பேரூராட்சியில் அதுவே முக்கால்வாசி வரம்பு. ஆட்டோவைக் கடைசி இரண்டு நாளுக்கு மட்டும் வையுங்கள், இரவு 10 மணிக்கு மைக்கை அணைத்துவிடுங்கள்.

ஆரத்தித் தட்டில் போடும் நோட்டு லஞ்சம்தான். செல்போனில் படம் பிடித்துப் பறக்கும் படைக்கு அனுப்ப எதிராளி காத்திருப்பார். தட்டு வந்தால் கும்பிட்டு, பொட்டு வைத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். கூட வருபவர்களிடமும் இதை முன்பே சொல்லி வையுங்கள். எதிராளி பணம் கொடுக்கிறாரே என்று நீங்களும் இறங்கினால், வட்டிக்கு வாங்கிய பணம்தான் கரையும். வாங்கியவர் இரண்டு பக்கமும் வாங்கியிருப்பார்.

ஓட்டுப்பதிவு நாள்

பூத் ஏஜென்டாக அந்த பூத்திலேயே ஓட்டுள்ள, தெருவை முகம் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவரைப் போடுங்கள். விசுவாசமான, ஆனால் வேறு தெரு ஆளைப் போட்டால் ஆள்மாறாட்டம் கண்முன்னே நடந்தாலும் தெரியாது. இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று ஏஜென்டுகள் முன்னால் போட்டுப் பார்க்கும் மாதிரி வாக்குப்பதிவுக்கு அவர் விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். அது முடிந்து, அந்த ஓட்டுகளை அழித்து இயந்திரம் பூஜ்யம் காட்டுவதைப் பார்த்து, ஓட்டுகள் பதிவாகும் பெட்டியான கன்ட்ரோல் யூனிட்டின் எண்ணையும் சீல் எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் பதிவான வாக்குகளின் கணக்குப் படிவத்தில் நகல் வாங்காமல் வரக் கூடாது. ஒருவரின் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால், உண்மையான வாக்காளருக்குத் தனி வாக்குச்சீட்டு கொடுப்பார்கள். ஆனால் அது சாதாரண எண்ணிக்கையில் சேராது. ஆகவே சந்தேகம் என்றால் விரலில் மை வைப்பதற்கு முன்பே ஆட்சேபம் சொல்ல வேண்டும்.

வெளியே மேசையில் இருப்பவர் வந்தவர்களை அடித்துக்கொண்டே போகட்டும். 11 மணி, 1 மணி, 3 மணி என்று மூன்று தடவை, டிக் போட்டும் இன்னும் வராதவர்களைத் தெருவாரியாகத் துண்டுச் சீட்டில் எழுதி ஆள் அனுப்புங்கள். 3 மணிச் சீட்டுதான் முக்கியம். சாப்பிட்டுப் படுத்தவர்களும், கூட்டம் குறையட்டும் என்று இருந்தவர்களும் அதில்தான் இருப்பார்கள். வண்டி வைத்து வாக்காளரை ஏற்றி வரக் கூடாது, 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கவும் கூடாது. கூப்பிடப் போகிறவர் நடந்தே போகட்டும்.

எண்ணிக்கையின்போது பூத் வாரியாக வரும் எண்ணை ஏஜென்டின் படிவ நகலோடு ஒப்பிடுங்கள். மறு எண்ணிக்கை வேண்டுமென்றால் முடிவை அறிவிப்பதற்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். வெள்ளைத்தாளும் பேனாவும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஜெயித்தாலும் தோற்றாலும் 30 நாளுக்குள் செலவுக் கணக்கை ரசீதுகளோடு ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தவறினால் மூன்று ஆண்டு தேர்தலில் நிற்க முடியாதபடி தகுதி நீக்கம் செய்யப்படலாம். ஒப்படைத்ததற்குக் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஒப்புகையை வாங்கி, டெபாசிட் ரசீதோடு சேர்த்து வையுங்கள்.