பிடித்த வீரர் ட்ரேட் ஆகிவிட்டால்: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. டல்லாஸில் நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவில் ஞாயிறு காலை பதினொரு மணிகூட ஆகவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் நட்சத்திரம் லூக்கா டோன்சிச்சை டல்லாஸ் மாவெரிக்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது என்று ஈ.எஸ்.பி.என். செய்தியாளர் ஷாம்ஸ் சரானியா பதிவிட்டார். அவருடைய கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. டோன்சிச்சுக்கு அப்போது 25 வயது. சீசனின் சிறந்த ஐந்து பேரைக் கொண்ட ஆல்-என்.பி.ஏ. முதல் அணியில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இடம்பிடித்தவர். எட்டு மாதத்துக்கு முன்புதான் டல்லாஸை ஃபைனல்ஸ் வரை கொண்டுபோனவர். இப்படிப்பட்ட ஒருவரை, இந்த வயதில், அவர் கேட்காமலேயே ஓர் அணி கைமாற்றிவிடும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

மறுநாள் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சென்டர் அரங்கத்துக்கு வெளியே ரசிகர்கள் கூடினார்கள். டல்லாஸின் பழைய நட்சத்திரம் டிர்க் நொவிட்ஸ்கியின் சிலையருகே பூக்கள் வைத்தார்கள். ஒரு சவப்பெட்டியே வந்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது வேடிக்கையாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஏழு சீசன் ஒருவருடைய ஆட்டத்தோடு தன் மாலை நேரங்களைக் கட்டிப்போட்டு வைத்திருந்தவர்களுக்கு அது உண்மையான இழப்பு. துக்கமும் நியாயம், கோபமும் நியாயம். ஆனால் இந்த மாதிரி நாட்களில் ரசிகர்களின் கோபம் பெரும்பாலும் சம்பந்தமில்லாத ஆள் மேல்தான் போய் விழுகிறது. முடிவெடுத்தவர் ஒருவர், திட்டு வாங்குகிறவர் இன்னொருவர். ட்ரேட் நேரத்தில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

போனவரைத் துரோகி ஆக்குவது

ஒரு வீரர் அணியை விட்டுப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒப்பந்தம் முடிந்து, தானே வேறு அணியைத் தேர்ந்தெடுத்துப் போவது ஒன்று. 2010இல் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குப் போனதும், 2016இல் கெவின் டுரான்ட் ஓக்லஹோமா சிட்டியை விட்டு கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனதும் அப்படித்தான். இரண்டு ஊர்களிலும் ஜெர்சிகளை எரித்தார்கள். ஒப்பந்தம் முடிந்தவர் வேறு வேலைக்குப் போனதற்கே அந்தக் கோபம் அதிகம் என்பது என் கருத்து. அதே கிளீவ்லாந்துக்கு 2014இல் லெப்ரான் திரும்பினார். 2016இல் அந்த ஊரே அவரோடு சேர்ந்து கோப்பையைக் கொண்டாடியது. அந்த வாதத்தை விடுங்கள். குறைந்தபட்சம் அங்கே முடிவு அந்த வீரருடையது.

ட்ரேட் வேறு. அதில் ஒப்பந்தம் அப்படியே இன்னோர் அணிக்குக் கைமாறுகிறது. வீரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஐ.பி.எல். பார்த்துப் பழகிய நமக்கு இந்த இடத்தில் ஒரு குழப்பம் வரும். 2025 நவம்பரில் ஜடேஜா சென்னையிலிருந்து ராஜஸ்தானுக்குப் போய், சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தபோது நாமும் ‘ட்ரேட்’ என்றுதான் சொன்னோம். ஆனால் ஐ.பி.எல். விதிப்படி அதற்கு வீரரின் சம்மதம் வேண்டும். என்.பி.ஏ.வில் பெரும்பாலானவர்களுக்கு அந்த உரிமை கிடையாது. ட்ரேடைத் தடுக்கும் ஷரத்தை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டுமென்றால் லீகில் எட்டு சீசன் ஆடியிருக்க வேண்டும், அதில் நான்கு அந்த அணியிலேயே ஆடியிருக்க வேண்டும். அப்படித் தகுதி இருந்தாலும் அணிகள் அதை எளிதில் கொடுப்பதில்லை. டோன்சிச் தன் ஏழாவது சீசனில் இருந்தார்.

பணக் கணக்கைப் பார்த்தாலும் விஷயம் தெளிவாகும். டல்லாஸிலேயே இருந்திருந்தால் அந்த 2025 கோடையில் ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 34.5 கோடி டாலர் மதிப்புள்ள, சொந்த அணி மட்டுமே கொடுக்கக்கூடிய ‘சூப்பர்மேக்ஸ்’ ஒப்பந்தத்துக்கு அவர் தகுதி பெற்றிருப்பார். ட்ரேட் ஆனதும் அந்தத் தகுதி போய்விட்டது. லேக்கர்ஸோடு 2025 ஆகஸ்டில் அவர் போட்டது மூன்று ஆண்டுகளுக்கு 16.5 கோடி டாலர் ஒப்பந்தம். ஆண்டுக்கணக்கு வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் பணத்துக்காக ஓடிவிட்டார் என்று சொல்ல இதில் ஒன்றுமே இல்லை.

விசுவாசம் பற்றிப் பேசுகிறவர்கள் பாஸ்டனின் ஐசாயா தாமஸை நினைத்துப் பார்க்க வேண்டும். 2017 ஏப்ரலில் அவருடைய தங்கை கார் விபத்தில் இறந்தார். மறுநாள் பிளேஆஃப் போட்டி, அவர் களமிறங்கினார். மே மாதம் வாஷிங்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 53 புள்ளிகள் எடுத்தார். ஆகஸ்டில் அவரை கிளீவ்லாந்துக்குக் கொடுத்து கைரி இர்விங்கை வாங்கினார்கள். அணியின் பார்வையில் அது சரியான கணக்காகவே இருக்கலாம். ஆனால் வீரர்கள் விசுவாசமாக இல்லை என்று குறைசொல்லும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கசியும் கதைகளை நம்பி மனதைத் தேற்றிக்கொள்வது

பெரிய ட்ரேட் நடந்த சில மணி நேரத்திலேயே போனவரின் குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். டோன்சிச் விஷயத்தில் அவருடைய உடல் எடை, பயிற்சியில் அக்கறையின்மை, அடிக்கடி வரும் காயம் என்று பேச்சு கிளம்பியது. பேர் சொல்லாத ‘வட்டாரங்கள்’தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் ஆட்டத்தில் அவருக்குக் கெண்டைக்காலில் காயம் பட்டது உண்மை. அவர் உடற்தகுதியில் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம் என்று நியாயமாக விமர்சித்தவர்களும் உண்டு. ஆனால் முந்தைய வாரம்வரை அவரைப் பற்றி அணி என்ன பேசியது, ட்ரேட் முடிந்த மறுநாள் என்ன பேச்சு வருகிறது, அது பரவினால் யாருக்கு வசதி என்ற மூன்றையும் கேட்டுப் பார்க்காமல் எதையும் ஏற்கக்கூடாது.

ரசிகர்கள் இந்தக் கதைகளைப் பிடித்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது: வலி குறைகிறது. ‘எப்படியும் அவன் சரிப்பட்டு வந்திருக்க மாட்டான்’ என்று சொல்லிக்கொண்டால் அன்றிரவு தூக்கம் வரும். அதற்காக, ஏழு வருடம் ரசித்த ஆட்டத்தை நாமே பொய்யாக்கிவிடுகிறோம். எனக்கு இந்தத் தவறுதான் ஜெர்சி எரிப்பதைவிட வருத்தம் தருகிறது. எரிக்கிறவன் கோபம் தணிந்ததும் வருந்துவான். இவர்கள் தங்கள் நினைவுகளையே மாற்றி எழுதிக்கொள்கிறார்கள்.

அன்றைக்கே தீர்ப்பு எழுதுவது

எந்த அணி ஜெயித்தது, எது ஏமாந்தது என்று ட்ரேட் நடந்த இரவிலேயே மதிப்பெண் போடுகிறார்கள். டொராண்டோ ரசிகர்களைக் கேளுங்கள். 2018 ஜூலையில் டிமார் டிரோசனை சான் அன்டோனியோவுக்குக் கொடுத்துவிட்டு கவாய் லெனர்டை வாங்கினார்கள். ஒன்பது சீசன் அந்த ஊரைத் தன் ஊராக்கிக்கொண்டவர் டிரோசன். தன்னை மாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் இருந்தவர். ட்ரேட் ஆனதும் தான் ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தார். அணித் தலைவர் மசாய் உஜிரி பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். கவாயோ ஒரு வருடம் ஆடிவிட்டுப் போய்விடுவார் என்று பேச்சு. அது பைத்தியக்காரத்தனம் என்று அன்று சொன்னவர்கள் ஏராளம். 2019 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டத்தில், நேரம் முடிந்த ஒலி கேட்கக் கேட்க, கவாய் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தது. ஜூனில் டொராண்டோ தன் முதல் சாம்பியன்ஷிப்பை வென்றது. ஜூலையில் கவாய் கிளிப்பர்ஸுக்குப் போனார். பயந்ததும் நடந்தது, கனவு கண்டதும் நடந்தது.

இரண்டு பக்கமும் லாபம் அடைந்ததும் உண்டு. 2022 பிப்ரவரியில் சேக்ரமென்டோ இளம் வீரர் டைரீஸ் ஹாலிபர்ட்டனை இண்டியானாவுக்குக் கொடுத்து டோமான்டஸ் சபோனிஸை வாங்கியது. ஹாலிபர்ட்டன் மனமுடைந்து போனார். அந்த ஊரை அவர் நேசித்தார். அடுத்த ஆண்டே சேக்ரமென்டோவின் 16 ஆண்டு பிளேஆஃப் வறட்சி தீர்ந்தது. 2025இல் ஹாலிபர்ட்டன் இண்டியானாவை ஃபைனல்ஸுக்கே கூட்டிப்போனார்.

டல்லாஸ் கதையும் நேர்கோட்டில் போகவில்லை. ட்ரேடுக்குப் பிறகு, டோன்சிச்சுக்குப் பதிலாக லேக்கர்ஸிலிருந்து வந்த ஆந்தனி டேவிஸ் காயம்பட்டார், மார்ச்சில், அப்போது டல்லாஸில் ஆடிய கைரி இர்விங்கின் முழங்கால் தசைநார் கிழிந்தது, அணி பிளேஆஃபுக்கே போகவில்லை. பிறகு, புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கான மே மாதக் குலுக்கலில், வெறும் 1.8 சதவீத வாய்ப்போடு முதலிடம் விழுந்து, இளம் வீரர் கூப்பர் ஃபிளாக் கிடைத்தார். அது ட்ரேடைச் சரி என்று நிரூபிக்கவில்லை, அதிர்ஷ்டம், அவ்வளவுதான். நவம்பரில், இந்த ட்ரேடைச் செய்த ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசன் பதவி நீக்கப்பட்டார். அந்தப் பக்கம் லேக்கர்ஸும் 2025 பிளேஆஃபில் முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் தோற்றது. பிப்ரவரி இரவில் எழுதிய தீர்ப்பு ஒன்றுகூட இவ்வளவையும் கணித்திருக்க முடியாது.

வந்தவர் மேல் பாய்வது

டேவிஸோ, அவரோடு வந்த 21 வயது மாக்ஸ் கிறிஸ்டியோ டல்லாஸுக்கு வர வேண்டும் என்று கேட்கவில்லை. டேவிஸ் தன் முதல் ஆட்டத்தில் 26 புள்ளிகள், 16 ரீபவுண்டுகள் எடுத்தார். அதே ஆட்டத்தில் காயத்தோடு வெளியேறினார். அதற்குப் பிறகு அவர் தவறவிட்ட ஒவ்வோர் ஆட்டமும் அவர் செய்த குற்றம்போல எண்ணப்பட்டது. ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுவது தவிர்க்க முடியாததுதான். ஆனால் அந்த ஒப்பீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆளை மாற்றியவர்.

இன்னொன்றையும் டல்லாஸ் ரசிகர்கள் மறக்கக்கூடாது. 2018 டிராஃப்டில் டோன்சிச்சை எடுத்தது அட்லாண்டா. அன்றிரவே ட்ரே யங்குக்காக அவரை டல்லாஸுக்கு மாற்றினார்கள். 1998இல் நொவிட்ஸ்கியை எடுத்தது மில்வாக்கி. அவரும் அன்றே ட்ரேடில் டல்லாஸுக்கு வந்தவர்தான். 21 சீசன் ஆடினார், 2011இல் கோப்பை கொண்டுவந்தார். சிலை வைத்துக் கொண்டாடும் வீரரே ட்ரேடில் வந்த ஊர் அது.

கோபத்துக்கு எல்லை தெரியாமல் போவது

நிர்வாகத்தை எதிர்த்துக் குரல் கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. டல்லாஸ் அரங்கில் மாதக்கணக்கில் ‘ஃபயர் நிகோ’ (நிகோவை நீக்கு) என்ற கோஷம் கேட்டது. அதற்காகச் சிலர் அரங்கிலிருந்து வெளியேற்றவும் பட்டார்கள். அது நிர்வாகத்தின் தவறு என்றே நினைக்கிறேன். டிக்கெட் வாங்காமல் இருப்பது, சீசன் சந்தாவைப் புதுப்பிக்காமல் இருப்பது, பதாகை பிடிப்பது எல்லாம் ரசிகர்களின் உரிமை. அதிகாரியின் வீட்டையும் குடும்பத்தையும் இழுப்பதும் மிரட்டல் அனுப்புவதும் அந்த உரிமையில் சேராது. அதோடு, மிரட்டுகிற பத்துப் பேரைக் காட்டியே மீதி ஆயிரக்கணக்கானோரின் நியாயமான கேள்வியை நிர்வாகம் ஒதுக்கிவிட முடியும்.

உடனே ஒரு பக்கம் சேர்ந்தாக வேண்டும் என்ற அவசரம்

அணியோடு இருப்பதா, வீரரோடு போவதா? இந்தக் கேள்விக்கு அந்த வாரமே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. சிலர் அணி மாறிவிடுவார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள், குறிப்பாக ஊர்ப்பற்று என்ற கட்டு இல்லாத நம்மைப் போன்றவர்கள், பெரும்பாலும் வீரரைப் பார்த்துத்தான் அணிக்குள் வந்திருப்போம். அவரோடு போவது துரோகம் ஆகாது. சிலர் இரண்டையும் பார்ப்பார்கள். சிலருக்குக் கொஞ்ச காலம் எதையும் பார்க்கப் பிடிக்காது. அதுவும் சரிதான். ஜெர்சியை மடித்து அலமாரியில் வையுங்கள். கோபத்தில் விற்கவும் வேண்டாம், புது அணியின் ஜெர்சியை அன்றைக்கே ஆர்டர் செய்யவும் வேண்டாம்.

2025 ஏப்ரல் 9 அன்று டோன்சிச் லேக்கர்ஸ் வீரராக டல்லாஸுக்கு வந்தார். ஒவ்வோர் இருக்கையிலும் அவருக்கு நன்றி சொல்லும் ஸ்லோவேனிய மொழி வாசகத்தோடு டி-ஷர்ட் இருந்தது. பழைய ஆட்டங்களின் காணொளி ஓடியபோது அவர் அழுதுவிட்டார். பிறகு எழுந்து 45 புள்ளிகள் எடுத்தார், லேக்கர்ஸ் 112–97 என்று வென்றது. அந்தக் கூட்டம் எதிரணி வீரரைக் கைதட்டி வரவேற்றது, தன் நிர்வாகத்தை எதிர்த்துக் கோஷம் போட்டது. யார் மேல் அன்பு, யார் மேல் கோபம் என்பதில் அன்று அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

‘வெறும் விளையாட்டுதானே’ என்று சொல்வது

இது ரசிகரைச் சுற்றியிருப்பவர்கள் செய்யும் தவறு. பெரியவர்கள் இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது வேறு மாதிரி விழும். தனக்குப் பிடித்த ஒருவர் தன்னை வேண்டாமென்று போய்விட்டார் என்றுதான் அது நினைத்துக்கொண்டிருக்கும். ‘அவர் போக விரும்பவில்லை, அவரைக் கேட்காமலே அனுப்பிவிட்டார்கள்’ என்பதை முதலில் சொல்லுங்கள். ‘அதைவிட நல்ல ஆள் வருவார்’ என்ற சமாதானத்தைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். பிறகு அட்டவணையை எடுத்து, பழைய அணியும் புது அணியும் எப்போது மோதுகின்றன என்று சேர்ந்து பாருங்கள். லீகில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு கான்ஃபரன்ஸ்கள், அதாவது பிரிவுகள் உண்டு. இரண்டு அணிகளும் ஒரே கான்ஃபரன்ஸ் என்றால் சீசனில் மூன்று அல்லது நான்கு முறை, வேறு வேறு என்றால் இரண்டு முறை சந்திக்கும். அந்த நாட்களில் எந்த ஜெர்சி போடுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.