காது மாதிரி செய்யும்போது மறந்துபோகும் இரண்டாவது சாளரம்

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அறிவியல் கண்காட்சியில் காது என்று சீட்டு விழுந்தது. தெர்மகோலில் வெட்டி வண்ணம் பூசிய காதுகளைப் பார்த்துச் சலித்துப்போனவன் நான். அவற்றில் எதுவும் அசையாது. ஆகவே அசைகிற காது ஒன்றைத் திருநகர் வீட்டு மொட்டைமாடியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து செய்தோம். இதைப் படித்துவிட்டுச் செய்தால் உங்களுக்கு ஒரு ஞாயிறு போதும்.

வேண்டியவை: மூன்று அங்குல பிவிசி குழாயில் ஒரு சாண், முக்கால் அங்குலக் குழாயில் மூன்று சிறு துண்டுகள், அதற்கு இரண்டு எல்போ, பிவிசி பசை, பலூன்கள், ஐஸ் குச்சி, இரண்டு சட்டைப் பொத்தான், ரவிக்கையில் வைத்துத் தைக்கும் கண்ணாடிச் சில்லு, லேசர் டார்ச், ஒரு பலகை. பலூனைக் கட்ட ரப்பர் வளையம் வேண்டாம், ஈரத்தில் நழுவும். பூக்கட்டும் நூல்தான் நிற்கிறது. மதுரையில் அதற்கா பஞ்சம்!

படி 1: செவிப்பறை. பெரிய குழாயின் ஒரு வாயில் பலூன் துண்டைத் தொய்வில்லாமல் கட்டுங்கள். திறந்த மறுவாய்தான் காதுத் துளை. பறையின் நடுவை விட்டுத் தள்ளிக் கண்ணாடிச் சில்லை ஒட்டி, அதன்மேல் லேசரை அடித்து, திறந்த வாயில் ‘ஓ’ என்று கத்துங்கள். சுவரில் ஒளிப்புள்ளி கூத்தாடும். லேசர் யார் கண்ணிலும் படக்கூடாது.

படி 2: எலும்புகள். நம் நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று. உடலிலேயே சிறிய எலும்பான அங்கவடி சுமார் 3 மில்லிமீட்டர்தான். மூன்றையும் கம்பியில் வளைத்துக் கோக்க முயன்று ஒரு ஞாயிறு வீணானது. ஒரே ஐஸ் குச்சி போதும் என்பது என் கட்சி. பறவைகளுக்கு அந்த இடத்தில் ஒரே எலும்புதான். கோபுரத்துப் புறாவுக்குக் கேட்காமலா இருக்கிறது? குச்சியின் இரு முனையிலும் பொத்தானை ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பலூன் கிழியும்.

படி 3: காக்லியா, அதாவது உட்செவியில் ஒலியை உணரும் பகுதி. அசலில் இது இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட நத்தைக்கூடு. சுருளைப் பிரித்தால் மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய், நுனியில் இரண்டும் சேரும். இரண்டு எல்போக்களை வைத்து அதைத்தான் கொண்டை ஊசி போல வளைக்கிறோம். மேல்வாய் நீள்வட்டச் சாளரம். அங்கவடி தட்டுவது அங்கேதான்.

நான் சறுக்கியது இங்கே. மேல்வாயில் பலூன் கட்டினேன். கீழ்வாய் எதற்கு என்று மூடி போட்டு ஒட்டிவிட்டேன். தண்ணீர் நிரப்பிக் குச்சியைத் தள்ளினால் அசையவே இல்லை. பலூனை மாற்றினேன், பசையை மாற்றினேன், மகளைத் திட்டினேன். அழகருக்குத் தோப்பரை என்னும் தோல்பையால் தண்ணீர் பீய்ச்சும் நேர்த்திக்கடன் உள்ள என் சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “தோப்பரை வாயை அடைத்துக்கொண்டு அமுக்கினால் தண்ணீர் எங்கே போகும்?” என்றார்.

அவ்வளவுதான் விஷயம். தண்ணீர் சுருங்கிக் கொடுக்காது. உட்செவியோ நீர் நிறைந்த எலும்புப் பெட்டி. அங்கவடி உள்ளே போக வேண்டுமானால் வேறொரு இடம் வெளியே பிதுங்க வேண்டும். அதற்கென்றே கீழே மெல்லிய சவ்வு மூடிய வட்டச் சாளரம் இருக்கிறது. பாடப்புத்தகப் படத்தில் அது மூலையில் ஒரு சின்ன வளையம். நான் அதை அச்சுப்பிழை போலத் தாண்டிப் போயிருக்கிறேன். மூடியை அறுத்தெறிந்து அங்கும் பலூன் கட்டினேன். மேலே தள்ளினால் கீழே பிதுங்குகிறது, விட்டால் திரும்புகிறது. மகள் அரை மணி நேரம் அதையே அமுக்கிக்கொண்டிருந்தாள்.

படி 4: எல்லாவற்றையும் பலகையில் நிறுத்தி, பறைக்கும் மேல்வாய்க்கும் இடையே குச்சியை ஒட்டுங்கள். பறையை விரலால் மெதுவாகத் தட்டுங்கள். வெறும் குரலுக்கு நீர்ப்பக்கம் கண்ணில் தெரியும் அளவு அசையாது. பெரிய வாய் ஏன், சிறிய வாய் ஏன் என்று நடுவர் கேட்பார். விட்டம் நான்கு மடங்கு என்றால் பரப்பு 16 மடங்கு. நம் காதிலும் பறை நீள்வட்டச் சாளரத்தைப் போல ஏறக்குறைய 17 மடங்கு. அகன்ற பரப்பில் வாங்கிய விசையைச் சிறு பரப்பில் குவித்தால்தான் காற்றின் அதிர்வு நீரை அசைக்கும்.

ஒரு குறை உண்டு. இரு குழாய்களுக்கும் நடுவே, ஒலியை உணரும் மயிர்ச் செல்களைத் தாங்கும் சவ்வு இந்த மாதிரியில் இல்லை. கீச்சொலி சாளரத்தின் அருகிலும் தடித்த ஒலி நுனியிலும் அந்தச் சவ்வை அசைக்கும். குழாயில் வண்ணம் பூசிக் காட்டிச் சமாளித்தோம்.

பின்சேர்க்கை: குச்சி அசைகிறது, கீழே பிதுங்கவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறது. அமுக்கியதை எல்லாம் அதுவே விழுங்கிவிடும். குழாயை வாளித் தண்ணீருக்குள் முழுதாக அமிழ்த்தி, குலுக்கி, நீருக்குள்ளேயே இரண்டு வாயையும் கட்டுங்கள். ஒரு அக்கா, தண்ணீருக்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் அக்கா, பலூன் ரப்பரை எண்ணெய் கெடுத்துவிடும்.