கொய்யா, மா, மல்லிகை: எப்போது கவாத்து?

பழனியை அடுத்த ஆயக்குடிப் பக்கம் நாங்கள் கொய்யாவை செப்டம்பர்-அக்டோபரிலும் பிப்ரவரி-மார்ச்சிலும் கவாத்து செய்கிறோம், அதாவது கிளைகளை வெட்டிவிடுகிறோம். கொய்யா புதுத் தளிரில்தான் காய்க்கும். அதனால் கிளை நுனியில் 10 முதல் 15 செ.மீ. வெட்டினால் போதும். வெட்டுக்குக் கீழுள்ள கணுவில் எதிரெதிராக இரண்டு தளிர் கிளம்பும். இலைக்கக்கத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் இடத்தில், மொட்டு வைக்கும். தடித்த கிளை என்றால் ரம்பத்தால் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துக்கொண்டு மேலிருந்து அறுங்கள், பட்டை உரியாது. வெட்டிய காயத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசுங்கள். மழை நாளில் கவாத்து வேண்டாம்.

மா வேறு ரகம், முற்றிய கிளையில்தான் பூக்கும். அறுவடை முடிந்த கையோடு, ஆகஸ்ட்-செப்டம்பருக்குள் காய்ந்த, உரசுகிற கிளைகளை எடுத்துவிடுங்கள். மார்கழியில் அரிவாளோடு போனால் அந்த வருஷக் காய் போச்சு.

அப்புறம் மல்லிகை: நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள். "செடியை மொட்டையடிச்சுட்டியே" என்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.