பெரிய ஆர்டரில் டைம்அவுட் வந்தால் செய்யக்கூடாதவை

எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரில் பெரிய ஆர்டர் சேவ் ஆகாமல் டைம்அவுட் ஆவதுண்டு. டேட்டாபேஸில் மொத்தமாகப் பதிவாகும் அல்லது மொத்தமாக ரத்தாகும் வேலைத் தொகுப்புதான் டிரான்சாக்‌ஷன்; அது கெடுவுக்குள் முடியாமல் ரத்தாவதுதான் டைம்அவுட். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி போன வாரம் டிரான்சாக்‌ஷன் டைம்அவுட்டை 1 நிமிடத்திலிருந்து 10 நிமிடமாக ஏற்றிவிட்டு, "சரியாயிடுச்சுண்ணே" என்றார். சில வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். இன்டெக்ஸ் போடுவது, மெமரி பார்ப்பது எல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நேரத்தை நீட்டுவது

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் டிரான்சாக்‌ஷனைத் திறந்து முடிக்கும் டிரான்சாக்‌ஷன்ஸ்கோப்புக்கு வழக்கமான கெடு 1 நிமிடம். எவ்வளவு கேட்டாலும், மெஷின் கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் மாற்றாதவரை 10 நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. கெடுவை நீட்டினால் ஆர்டர் சேவ் ஆகிவிடும், உண்மைதான். ஆனால் அதுவரை பிடித்த லாக் (அந்தத் தகவலை மற்றவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டு) எதையும் அது விடாது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. மொத்தத் துணி வியாபாரி ஒருவரிடம் பல நூறு வரி ஆர்டர் பில்லாக மாட்டேன் என்றது. 10 நிமிடம் கொடுத்தேன், போனது. மறுநாள் அதே மாதிரி இன்னொரு ஆர்டர் ஓடியபோது ஆறு கவுன்டரும் நின்றுவிட்டன. அதே சரக்கின் இருப்பைக் குறைக்க வந்த சின்ன பில்கள் 30 விநாடி காத்திருந்து ஒவ்வொன்றாக விழுந்தன. வாசலில் லாரி, உள்ளே கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரில் யாரை யார் தடுக்கிறார்கள் என்று பார்த்தேன். எல்லோரையும் தடுத்தது ஒரே செஷன் (டேட்டாபேஸுடனான ஓர் இணைப்பு). அதன் நிலையோ 'ஸ்லீப்பிங்'. டேட்டாபேஸ் எந்த வேலையும் செய்யவில்லை. எங்கள் புரோகிராம்தான் டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் போர்ட்டலிலிருந்து ஐஆர்என் (பில்லுக்குத் தரப்படும் பதிவு எண்) வரும் என்று காத்திருந்தது! முந்தைய நாளே இதைப் பார்த்திருக்கலாம். கெடுவை நீட்டி நானே மறைத்துவிட்டேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான்.

போர்ட்டல் அழைப்பை வெளியே எடுத்தோம். முதலில் பில்லை 'ஐஆர்என் நிலுவை' என்று சேவ் செய்து கமிட் (டிரான்சாக்‌ஷனை முடித்து நிரந்தரமாகப் பதிவது). அப்புறம் தனி வேலையாக எண்ணை வாங்கிப் பதிவு. வரிக்கு ஒரு முறை இருப்பைக் கேட்டதை ஒரே குவெரி ஆக்கினோம். பழைய 1 நிமிடத்துக்குள் தாராளமாக முடிந்தது. எஸ்எம்எஸ், மெயில், பிடிஎஃப் எதுவானாலும் இதே கதைதான்: கமிட்டுக்கு அப்புறம் வையுங்கள்.

ஐசொலேஷனைச் சொல்லாமல் விடுவது

ஒரே நேரத்தில் ஓடும் டிரான்சாக்‌ஷன்களை ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு பிரித்து வைப்பது என்பதுதான் ஐசொலேஷன். அதைச் சொல்லாவிட்டால் டிரான்சாக்‌ஷன்ஸ்கோப் சீரியலைசபிள் என்ற மிகக் கடுமையான நிலையில் ஓடும். பெரும்பாலான ஆர்டருக்கு கமிட் ஆனதை மட்டும் படிக்கும் ரீட் கமிட்டெட் போதும். இருப்பைச் சரிபார்ப்பதையும் குறைப்பதையும் ஒரே அப்டேட்டில் வைத்துவிடுங்கள்.

பத்து வரி ஆர்டரில் சோதிப்பது

வேண்டாம். கடையின் மிகப் பெரிய பழைய ஆர்டரை எடுங்கள். பக்கத்தில் இன்னொருவர் சின்ன பில் போடட்டும்.

உடனே மறுபடி சேவ் அமுக்குவது

டைம்அவுட் வந்ததாலேயே ஆர்டர் சேவ் ஆகவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கமிட் முடிந்து பதில் மட்டும் வராமல் போயிருக்கலாம். ஆர்டர் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு அமுக்குங்கள்.