கென்டே, அடிரே, போகோலான்: நெசவாளர்களின் துணியைக் கப்பலேற்றும் முன்

கானாவின் போன்வைரே ஊரில் கென்டே என்னும் துணியை நெய்கிறவர்களுக்கு ஏற்றுமதியில் உதவப் போகிறீர்கள் என்றால், முதல் நாளே படிவங்களோடு போய் நிற்காதீர்கள். ஒரு அளவு டேப்போடு தறிக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

கென்டேயைச் சுமார் நான்கு அங்குல அகலப் பட்டைகளாக நெய்து, அப்புறம்தான் ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பார்கள். பட்டைக்குக் கால் அங்குலம் குறைந்தால் பத்துப் பட்டையில் இரண்டரை அங்குலம் போய்விடும். ஒருவர் ஊடையை (குறுக்கு நூலை) இறுக்கி அடிப்பார், இன்னொருவர் தளர்வாக அடிப்பார், தைக்கும்போது கட்டங்கள் நேராக வராது. அதனால் ஒரு துணிக்கான பட்டைகளை ஒருவரே நெய்வது நல்லது, முடியாவிட்டால் கட்ட நீளம் குறித்த குச்சி ஒன்று ஒவ்வொரு தறியிலும் இருக்கட்டும். மாதிரி இரண்டு செய்யுங்கள்: ஒன்று வாங்குபவருக்கு, இன்னொன்று தறியடியிலேயே இருக்க. எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதையும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். கைநெசவில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கத்தைக் குறை என்று சொல்லிப் பின்னால் விலையை வெட்டுவது அநியாயம், அதற்கு இடம் கொடுக்கவே கூடாது.

நைஜீரியாவின் அபியோகுட்டா ஊரில் சாயமேற்றும் அடிரே துணி என்றால், அவுரிச் சாயம் வேறு துணியில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பத்து முறை அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும், நீலம் நிறைய ஏறினால் தண்ணீர் தெளியும்வரை இன்னும் அலச வேண்டும். மாலியின் போகோலான் துணியில் சேற்றால் வரைவார்கள், ஒட்டியிருக்கும் காய்ந்த மண்ணைக் கழுவி எடுத்து நன்றாக வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தோடு மடித்தால் கடல் பயணத்தில் பூஞ்சை பிடிக்கும்.

லேபிளில் பொய் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா இரண்டிலும் நார் வகையும் சதவீதமும் எழுதியாக வேண்டும். இப்போது கென்டேயில் ரேயான் நூலும் நிறைய வருகிறது. எரித்துப் பார்த்தால் ரேயானும் பருத்தி மாதிரியே எரியும், ஆகவே நூல் வாங்கிய பில்லைப் பாருங்கள்.

விலையில் நூல் சுற்றுவது, பாவு (நெடுக்கு நூல்) ஓட்டுவது, பட்டை தைப்பது எல்லாவற்றுக்கும் கூலி சேருங்கள், இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மாலியிலும் புர்கினா ஃபாசோவிலும் ஒரு யூரோவுக்கு 655.957 சிஎஃப்ஏ ஃபிராங்க் என்று நிலையாக இருப்பதால் யூரோவில் விலை சொல்லலாம். கானாவின் நாணயமான செடி (cedi) மதிப்பு ஏறி இறங்கும், அங்கே விலைப்பட்டியலுக்குக் காலாவதித் தேதி போடுங்கள். நூல் செலவுக்காவது அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகு தறியில் பாவு ஏறட்டும்.