செயற்கைப் புல் போடுவதற்கு முன்: கலிஃபோர்னியாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ரீமாண்ட், சான் ஹோசே பக்கம் வீடு வாங்கிய நம்மவர்கள் முதல் கோடைத் தண்ணீர் பில்லைப் பார்த்ததும் யோசிப்பது இதைத்தான்: புல்லை எடுத்துவிட்டு ஆர்ட்டிஃபிஷியல் டர்ஃப் போட்டுவிடலாமா? போடலாம், உங்கள் ஊர் அனுமதித்தால். அந்த "அனுமதித்தால்" என்ற இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

"கலிஃபோர்னியாவில் இதை எந்த ஊரும் தடுக்க முடியாது சார்" என்று காண்ட்ராக்டர் அடித்துச் சொல்வார். அது பழைய கதை. 2015 வறட்சியின்போது வந்த சட்டம் அப்படித்தான் சொன்னது. 2023 அக்டோபரில் ஆளுநர் கவின் நியூசம் எஸ்பி 676 என்ற மாநில மசோதாவில் கையெழுத்திட்ட பிறகு, நகரங்களும் கவுன்டிகளும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வீட்டு முற்றங்களில் செயற்கைப் புல்லைத் தடை செய்யலாம் என்றாகிவிட்டது. சான் மாட்டியோ கவுன்டியின் மில்பிரே, லாஸ் ஏஞ்சலிஸ் அருகேயுள்ள சான் மரினோ இரண்டும் தடை போட்டுவிட்டன. பக்கத்து ஊர் நண்பர் போட்டிருக்கிறார் என்பதோ, எதிர்வீட்டில் ஐந்து வருடமாகக் கிடக்கிறது என்பதோ உங்களுக்கு உத்தரவாதம் இல்லை. நகராட்சியின் பிளானிங் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். முன்முற்றத்துக்கும் பின்முற்றத்துக்கும் ஒரே விதியா, பர்மிட் வேண்டுமா, மரத்தடியிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம், உள்ள குடியிருப்பு என்றால் தட்ட வேண்டிய கதவு இரண்டு: சங்கம், நகராட்சி. 2015-இலேயே வந்த இன்னொரு சட்டத்தின்படி எச்ஓஏ செயற்கைப் புல்லை அடியோடு தடுக்க முடியாது. ஆனால் வேலைக்கு முன் விண்ணப்பம் கொடு, சாம்பிள் காட்டு என்று கேட்கலாம். எச்ஓஏ சரி என்றது நகராட்சி சரி என்றதாகாது.

என் மனதை உறுத்துவது ரிபேட் விஷயம், அதாவது புல்லை எடுப்பவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும் பணம். தெற்கு கலிஃபோர்னியாவின் தண்ணீர் வழங்கும் அமைப்பான மெட்ரோபாலிட்டன் வாட்டர் டிஸ்ட்ரிக்ட், புல்லை எடுத்துவிட்டுத் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் செடிகள் வைப்பவர்களுக்குப் பணம் தருகிறது. செயற்கைப் புல்லுக்குத் தருவதில்லை. இது தெரியாமல், "ரிபேட் வந்துடும்" என்ற பேச்சை நம்பிக் கணக்குப் போட்ட குடும்பங்கள் உண்டு. அதைவிட வருத்தமானது அவசரம். எனக்குத் தெரிந்த ஒருவர் செடிதான் வைக்கப் போகிறார், முழுத் தகுதியும் இருந்தது. ஆனால் ஒரு சனிக்கிழமை ஆள் கிடைத்தார் என்று புல்லை வெட்டி எறிந்துவிட்டு, திங்கட்கிழமை விண்ணப்பித்தார். புல் இருந்தபோது எடுத்த படம் எங்கே என்று கேட்டார்கள். வெறும் மண்ணைத்தான் காட்ட முடிந்தது. முதலில் விண்ணப்பம், ஒப்புதல், அப்புறம்தான் மண்வெட்டி.

நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே உள்ள அந்தச் சின்னப் பட்டையை நாம்தான் பராமரிக்கிறோம், ஆனால் பொதுவாக அது நகரத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அங்கே தனி விதி. கேட்காமல் தொடாதீர்கள்.

விதி அனுமதித்தாலும் வெயிலை மறக்க வேண்டாம். 2002-இல் யூட்டாவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக மைதானத்தில் அளந்தபோது, காற்று 37 டிகிரி செல்சியஸ் இருந்த நாளில் செயற்கைப் புல் ஏறக்குறைய 93 டிகிரி காட்டியது. குழந்தையும் நாயும் வெறுங்காலோடு ஓடும் இடம் அது. இன்னொன்றும் உண்டு: இப்போதைய இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களில் படும் வெயில் குவிந்து எதிரே உள்ள புல்லில் விழுந்தால், இழைகள் உருகிச் சுருண்டுவிடும். ஒரு வீட்டின் பக்கவாட்டில் பார்த்தேன், இஸ்திரிப் பெட்டி இழுத்ததுபோல் ஒரு நீளக் கோடு. ஜன்னலுக்கு வெளியே வலை மாட்டினால் இதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் முற்றத்தில் நின்று, கண்ணாடி வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.